வீடு வாங்கும்போது சுவரில் பூஞ்சை தெரிந்தால் என்ன செய்வது? அட்வான்ஸுக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

"வீடு காத்தோட்டமா இருக்கு, ஏரியாவும் நல்ல ஏரியா, ரேட்டும் படியுது." எல்லாம் கூடி வரும் நேரத்தில், படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் கருப்புப் புள்ளிகள் கண்ணில் படுகின்றன. கேட்டால், "மழைக்காலத்துல லேசா ஓதம் அடிக்கும் சார், ஒரு கோட் பெயின்ட் அடிச்சா போயிடும்" என்று பதில் வருகிறது.

சென்னையில் பழைய ஃபிளாட்டோ தனி வீடோ தேடி அலையும் பலருக்கும் இது பழகிப்போன காட்சி. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், லீகல் ஒப்பீனியன் என்று பேப்பர்களை அலசும் அளவுக்கு யாரும் சுவரை அலசுவதில்லை. ஆனால் குடியேறிய முதல் மழையிலேயே சுவர் ஊறினால், பழுதுச் செலவு வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. விற்பவருக்கும் இது சாதாரண விஷயம் இல்லை. தெரிந்த குறையை மறைத்து விற்றால் சட்டம் அதை மோசடியாகவே பார்க்கிறது.

பூஞ்சை எதனால் வருகிறது, வீடு பார்க்கும்போது அதை எப்படிக் கண்டுபிடிப்பது, பேரம் நடக்கும்போது என்ன செய்வது, சட்டம் யார் பக்கம் நிற்கிறது?

பூஞ்சையா, உப்பா? முதலில் அதைப் பிரித்துப் பார்க்கணும்

சுவரில் தெரியும் எல்லாக் கறையும் பூஞ்சை கிடையாது. வெள்ளையாக, மாவு போல உதிர்ந்தால் அது பெரும்பாலும் உப்பு. "சுவர் உப்பு பூத்திருக்கு" என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். செங்கல், மணல், சிமென்டில் இருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து, ஈரம் காய்ந்ததும் படிந்துவிடுகிறது.

பூஞ்சை அப்படியல்ல. அது உயிருள்ள பொருள். கருப்பு, பச்சை, சாம்பல் நிறங்களில் புள்ளி புள்ளியாகத் தொடங்கிப் பரவும். மக்கிய மண் வாசனை அடிக்கும். பெயின்ட், தூசி, பிளைவுட், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கின் காகித உறை என எதையும் உணவாக்கிக் கொள்ளும்.

வித்தியாசம் தெரிய எளிய வழி ஒன்று உண்டு. கறையின் மீது சில சொட்டு தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது.

ஆனால் "உப்புதானே" என்று நிம்மதி அடைய முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சுவருக்குள் தண்ணீர் வந்து போகிறது. அதனால் கறையின் நிறத்தை விட, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்ற கேள்விதான் முக்கியம்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

கறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை: தரைத்தளத்தில் சுவரின் அடிப்பகுதி மட்டும் ஊறி, பூச்சு உப்பி நின்றால், அது மண்ணிலிருந்து மேலேறும் ஓதம். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடாத அல்லது அது கெட்டுப்போன பழைய வீடுகளில் இது அதிகம். சென்னையில் இன்னொரு காரணமும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதால், பல தெருக்களில் ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. மழைநீர் வாசலிலேயே நிற்க, சுவர் அதைக் குடிக்கிறது.

மேல்மாடிக் கூரையில் வட்டக் கறை: மொட்டை மாடித் தளத்தில் விரிசல், தட்டு ஓடுகளின் இடுக்கு திறந்திருப்பது, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருப்பது ஆகியவை காரணமாக இருக்கலாம். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருந்தால், வேர் போன வழியே தண்ணீரும் போகும்.

பாத்ரூமை ஒட்டிய சுவர், கீழ்வீட்டுக் கூரை: குழாய் இணைப்பிலோ, பாத்ரூம் தரைக்குக் கீழே பள்ளமாக விடப்படும் சங்கன் ஸ்லாபிலோ கசிவு இருக்கலாம். மழையே இல்லாத மே மாதத்திலும் சுவர் ஈரமாக இருந்தால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும்.

ஜன்னல் மூலை, சன்ஷேடு இணையும் இடம்: வெளிச்சுவர் விரிசல் வழியாகச் சாரல் இறங்குகிறது என்று அர்த்தம்.

பீரோவுக்குப் பின்னால், ஏசி அறையின் மூலையில்: வெளியிலிருந்து தண்ணீர் வராமலே, காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்த்து நிற்கலாம். ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் ஒழுகுவதும் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுகளில் இந்த வகைப் பூஞ்சையை அடிக்கடி பார்க்கலாம்.

இவற்றில் கடைசி வகைக்கு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பதே பெரும்பாலும் போதும். ஆனால் மேலேறும் ஓதத்துக்கோ சங்கன் ஸ்லாப் கசிவுக்கோ பூச்சையும் டைல்ஸையும் பெயர்க்க வேண்டியிருக்கும். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கறைகளுக்கு ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். காரணம் தெரியாமல் விலை பேசுவது அதனால்தான் ஆபத்து.

உடம்புக்கு என்ன ஆகும்?

ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்குழாய்த் தொந்தரவுகள், சுவாசத் தொற்று, ஆஸ்துமா தீவிரமடைதல் ஆகியவற்றின் அபாயம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் குடும்பம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அதேசமயம் "கருப்புப் பூஞ்சைன்னா விஷம்" என்று பதற வேண்டியதில்லை. நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. கொரோனா காலத்தில் பேசப்பட்ட 'கருப்புப் பூஞ்சை' நோயும் சுவரில் தெரியும் கருப்புக் கறையும் ஒன்றல்ல. எந்த வகைப் பூஞ்சை என்று லேபில் கொடுத்துப் பார்ப்பதும் பெரும்பாலும் தேவையில்லை என்பதே அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிலைப்பாடு. எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்தி, பூஞ்சையை அகற்றுவது.

வீடு பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்கணும்?

முதல் விஷயம், நேரம். சென்னை உள்ளிட்ட வட தமிழகக் கடலோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் வீட்டுக்கு நிஜமான பரீட்சை. ஏப்ரல், மே வெயிலில் காய்ந்த சுவர் எதையும் காட்டிக் கொடுக்காது. முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருமுறை வீட்டைப் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் வாங்குவதாக இருந்தால், காய்ந்த தடயங்களைத் தேட வேண்டும்.

● ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். பாதிச் சுவர் உயரத்துக்கு டைல்ஸோ, மரப்பலகையோ, வால்பேப்பரோ ஒட்டியிருந்தாலும் அப்படியே.

● பூட்டியிருந்த வீட்டைத் திறந்த முதல் நிமிடத்தில் வரும் வாசனையைக் கவனிக்க வேண்டும். ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் தூக்கலாக இருந்தால், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

● பீரோ, கட்டில் தலைமாடு, லாஃப்ட், சிங்க்குக்குக் கீழ் உள்ள கப்போர்டு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வார்ட்ரோபின் பின்பலகை ஊதியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம்.

● சுவரை விரல் முட்டியால் தட்டினால், பூச்சு விட்டுப்போன இடம் 'டொக்' என்று வெறுமையாக ஒலிக்கும்.

● மொட்டை மாடிக்கு ஏறாமல் மேல்மாடி ஃபிளாட்டை முடிவு செய்யக் கூடாது.

● கீழ்வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும். "எங்க பாத்ரூம் சீலிங் ரெண்டு வருஷமா ஒழுகுது" என்ற தகவல் எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

இரண்டாவது முறை போகும்போது, விற்பவரின் அனுமதியோடு சில சோதனைகளையும் செய்யலாம். சந்தேகமான சுவரில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பாத்ரூமில் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் அது இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

பேங்க் லோனுக்காக வரும் வேல்யூயர் இதையெல்லாம் பார்த்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய அறிக்கை, கொடுக்கும் கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்குச் சொல்வதற்கானது. சந்தேகம் இருந்தால் தனியாக ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து, ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்த்து எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குவது நல்லது. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு விற்பவருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்து, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு கூறுகிறது.

இதில் 'சாதாரண கவனம்' என்ற நிபந்தனைதான் முக்கியம். கூரை முழுக்கக் கறை தெரிந்தும் வாங்கிவிட்டு, பிறகு "சொல்லவே இல்லை" என்று வாதாடுவது கடினம். புதுப் பூச்சுக்கும் பெயின்டுக்கும் பின்னால் ஒளிந்திருந்த ஓதத்தின் கதை வேறு. ஓர் உண்மையைத் தெரிந்தே செயலால் மூடி மறைப்பதை 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவும் மோசடி என்கிறது. அப்படிப் பெற்ற சம்மதத்தின் பேரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். அந்த வழக்கைத் தொடர, உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு காலம் உண்டு.

ஆனால் விற்பவருக்கு அது முன்பே தெரியும் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கியவர். அசோசியேஷனுக்குக் கொடுத்த புகார்க் கடிதம், பழைய வாட்டர்ப்ரூஃபிங் பில், வாட்ஸ்அப் உரையாடல், வீடு பார்க்கும்போது எடுத்த படங்கள் ஆகியவை இங்கே கைகொடுக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 55-வது பிரிவு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்தான் பொருந்தும். "சொத்தை நேரில் பார்வையிட்டு, தற்போதுள்ள நிலையிலேயே திருப்தியுடன் வாங்குகிறேன்" என்ற பாணியில் ஒரு வரி பத்திரத்தில் சாதாரணமாக எழுதப்படுவது உண்டு. படிக்காமல் அதில் கையெழுத்துப் போட்டால், அந்த வரியே பின்னாளில் வாங்கியவருக்கு எதிரான வாதமாகத் திரும்பலாம்.

புது ஃபிளாட் என்றால் நிலைமை வேறு

பில்டரிடம் வாங்கிய, ரெராவில் பதிவான திட்டம் என்றால் வாங்கியவரின் கை ஓங்கியிருக்கும். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)-ன்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலையின் தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கோரித் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகலாம்.

இந்தச் சட்டத்தில் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்ற சொல், அவரிடமிருந்து பின்னால் வாங்கியவரையும் சேர்த்தே குறிக்கிறது. எனவே 2 ஆண்டு பழைய ஃபிளாட்டை ரீசேலில் வாங்குபவர், முதலில் ஒப்படைக்கப்பட்ட தேதி என்ன என்று கேட்டு, அதற்கான கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மீதமுள்ள 3 ஆண்டு பாதுகாப்பு அவருக்கும் பயன்படும்.

அட்வான்ஸுக்கு முன்னாடி தெரிஞ்சா என்ன பண்றது?

வீட்டையே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, இரண்டு காண்ட்ராக்டர்களிடம் எழுத்துப்பூர்வமாக எஸ்டிமேட் வாங்கினால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். பிறகு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பதிவுக்கு முன்பே விற்பவர் சரிசெய்து தருவது. இதில் "பெயின்ட் அடித்துத் தருகிறேன்" என்பதை ஏற்காமல், என்ன வேலை, யார் செய்வது, கியாரண்டி யார் பெயருக்கு மாறும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு, எஸ்டிமேட் தொகையை விலையில் கழிப்பது. வேலையைத் தன் மேற்பார்வையில் செய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் நல்லது. மூன்று, விலகிக்கொள்வது. தண்ணீர் வரும் வழி தெரியவில்லை, இன்ஜினியர் பார்க்க விற்பவர் அனுமதிக்கவில்லை, கம்பி துருப்பிடித்துக் கூரைக் கான்கிரீட் பெயர்கிறது என்றால் விலகுவதே புத்திசாலித்தனம்.

ஃபிளாட்டில் கசிவு மேல்வீட்டு பாத்ரூமிலிருந்தோ பொதுக் குழாயிலிருந்தோ வந்தால், விற்பவர் நினைத்தாலும் தனியாகச் சரிசெய்ய முடியாது. மேல்வீட்டுக்காரரோ அசோசியேஷனோ வேலையைச் செய்வதாக எழுதித் தந்த பிறகு பணத்தை நகர்த்துவது பாதுகாப்பு.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்தால்?

சேல் அக்ரிமென்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாம். அதனால் அக்ரிமென்ட் போடும்போதே மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கேட்கலாம்: விற்பவருக்குத் தெரிந்து கசிவோ ஓதமோ இல்லை, அல்லது இன்னின்ன இடத்தில் இருக்கிறது என்ற உறுதிமொழி; பதிவுக்கு முன் இன்ஜினியரை வைத்து ஆய்வு செய்யும் உரிமை; பெரிய குறை தெரிந்தால் அட்வான்ஸை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை.

அந்த வரிகள் இல்லாத நிலையில் பூஞ்சை தெரியவந்தால், தேதியோடு படங்கள் எடுத்து, விற்பவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புரோக்கரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. பதிவு நடப்பதற்கு முன்பு பேசித் தீர்ப்பது எளிது. பதிவு முடிந்த பிறகு நீதிமன்றப் படிதான்.

விற்பவர் என்ன செய்யணும்?

"சொன்னா விலை இறங்கிடுமே" என்ற பயம் இயல்பானது. ஆனால் ஈரமான சுவர் மேல் அடித்த பெயின்ட் உரிந்து வந்துவிடும். சில சமயம் வாங்குபவர் இரண்டாவது முறை பார்க்க வரும்போதே உரிந்திருக்கும். அப்போது விலை மட்டுமல்ல, நம்பிக்கையும் போய்விடும்.

அதைவிடக் கசிவை முதலில் சரிசெய்து, வேலை நடக்கும்போது படம் எடுத்து, பில்லையும் கியாரண்டி அட்டையையும் ஒரு ஃபைலில் வைத்துக் காட்டுவது விற்பவருக்கே லாபம். சரிசெய்ய வசதி இல்லையென்றால், குறையை அக்ரிமென்டிலேயே எழுதி அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். வாங்கியவருக்குத் தெரிவிக்கப்பட்ட குறையைக் காட்டி, மறைத்து விற்றதாகப் பின்னால் வழக்குப் போடுவது கடினம்.

சுத்தம் செய்வது எப்படி?

பூஞ்சை பிடித்த பரப்பு சுமார் 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரரே சுத்தம் செய்யலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்த பூஞ்சையை அப்படியே சுரண்டினால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ஊறிய ஜிப்சம் பலகை, பிளைவுட் போன்றவற்றைக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றுவதே மேல்.

பிளீச்சிங் கலவையோடு டாய்லெட் கிளீனர் ஆசிட்டையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ கலக்கவே கூடாது. விஷவாயு வெளியாகும்.

இது எல்லாமே தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை. வழியை அடைக்காமல் துடைத்தால், அடுத்த மழையில் அதே இடத்தில் அதே புள்ளிகள் திரும்ப வரும்.

சுருக்கமாக

வாங்குபவர்: மழைக்குப் பிறகு ஒருமுறை பார்க்கணும், கீழ்வீட்டில் விசாரிக்கணும், காரணம் தெரிந்த பிறகே விலை பேசணும், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கணும். விற்பவர்: சரிசெய்துவிட்டு விற்கணும், இல்லையென்றால் சொல்லிவிட்டு விற்கணும். குறிப்பிட்ட வழக்கில் எந்த முடிவுக்கும் முன்பு, பத்திரத்தையும் படங்களையும் வழக்கறிஞரிடம் காட்டி ஆலோசனை பெறுவது அவசியம்.